வன யாத்திரையும் வழிப்பாத்தியதையும்

சனிக்கிழமை விடியுமுன் நமது ஆர்.எஸ்.புரத்துத் தெருக்களில் நின்று பார்ப்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். மோட்டார் வண்டிகளின் கூரைமேல் சுருட்டிக் கட்டிய கூடாரங்கள்; உள்ளே அடுப்பு, அரிசி, போர்வை, பாட்டுப் பெட்டி; அவற்றிடையே வாலிபர் நால்வர் அல்லது ஐவர். தெற்கே திரும்பும் வண்டி பொள்ளாச்சி மார்க்கமாய் ஆனைமலைக்குப் போகிறது. வடக்கே திரும்பும் வண்டி மேட்டுப்பாளையம் மார்க்கமாய் நீலகிரிக்குப் போகிறது. வாரத்தில் ஐந்து நாள் ஆலையிலும் ஆபீஸிலும் உழைத்தவர்கள் இரண்டு நாள் மலைக்காற்றைச் சுவாசித்து, மரத்தடியில் படுத்து, வன மிருகங்களின் நடமாட்டத்தை அருகிலிருந்து அறிந்து வர விரும்புகிறார்கள்.

இவ்விருப்பம் நல்லது என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. நொய்யலும் ஆழியாறும் பவானியும் எங்கே பிறக்கின்றன என்பதை அறியாமல் அவற்றின் நீரைக் குடித்துக் காலம் கழிப்பவனைக் காட்டிலும், ஒரு நாளேனும் மலையேறி ஊற்றுக்கண்ணைப் பார்த்தவன் தேசத்தை நன்கு அறிந்தவனாவான். ஆகவே இந்த யாத்திரைகளைக் கண்டிப்பதற்காக நாம் எழுதவில்லை. கூடாரத்தை வண்டியிலிருந்து இறக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது; அதைக் கேட்பார் இல்லையே என்ற கவலையாலேயே எழுதுகிறோம். அக்கேள்வி யாதெனில்: நாம் படுக்கப்போகும் இந்த இடம் யாருடைய வழி?

ஓர் இரவு

நாம் சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வன இலாகாவின் அநுமதியோடு, மாணவர் சிலர் டாப்ஸ்லிப் பக்கத்தில் இரண்டு நாள் முகாமிட்டோம். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு மலசர் முதியவர். ஓடைக்கு அருகே சமதரையாய் ஒரு திட்டு கண்டோம். புல் மெத்தைபோல் இருந்தது. அங்கேயே கூடாரத்தை அடித்து முடித்தோம். முதியவர் விறகு பொறுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்; பார்த்தார்; விறகைக் கீழே போட்டார்.

"தம்பி, கூடாரத்தைப் பிடுங்கி அந்தப் பாறைக்கு அந்தாண்டை போடுங்க. இது பெரியவரு நடக்கற தடமுங்க" என்றார்.

பெரியவர் என்று அவர் சொன்னது யானையை. எங்களுக்குத் தடம் எதுவும் புலப்படவில்லை. முணுமுணுத்துக்கொண்டே, முட்புதருக்குள் கல்லும் கரடுமான ஓரிடத்துக்குக் கூடாரத்தை மாற்றினோம். இரவு முழுவதும் முதுகில் கல் குத்தியது. யானை வரவில்லை. பொழுது விடிந்ததும் எங்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே, "உங்கள் பெரியவர் வரவே இல்லையே!" என்று கேட்டான். முதியவர் கோபிக்கவில்லை. "இன்னிக்கு வரலீங்க. அதுக்காகத் தடம் நம்முளுது ஆயிருமாங்க?" என்றார்.

அப்போது எங்கள் கையில் 1882-ம் வருஷத்து வழியுரிமைச் சட்டத்தின் பாடப் புத்தகம் இருந்தது. ஒருவன் பிறனுடைய நிலத்தின் வழியே இருபது வருஷம் தடையின்றி, பகிரங்கமாக, உரிமையோடு நடந்து வந்தானானால், அவ்வழி அவனுக்குப் பாத்தியதையாகிவிடும். நிலத்துக்குச் சொந்தக்காரன் அதை அடைக்க முடியாது. நிலம் சர்க்காருடையதானால் கெடு முப்பது வருஷம். ஒரு நாள், ஒரு மாதம் நடக்கவில்லை என்பதால் அந்தப் பாத்தியதை அழிந்து போவதில்லை. நாங்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்துகொண்டிருந்த நியாயத்தை, எழுத்தறியாத அம்முதியவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். இருபது வருஷத்தில் மனிதனுக்குப் பிறக்கும் உரிமை, எத்தனையோ தலைமுறையாக ஒரே வழியில் நடக்கும் யானைக்குப் பிறக்காதா? சட்டப் புத்தகத்தில் யானை ஒரு கட்சிக்காரர் அல்ல. நியாயத்தின் முன்னிலையிலும் அப்படியே என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

துரைமார் கூடாரம்

மலையில் கூடாரம் அடிக்கும் பழக்கம் நம் நாட்டுக்கு எவ்வாறு வந்தது என்பதையும் சற்று ஆராய வேண்டும். நமது ஆர்.எஸ்.புரத்திலேயே, கௌலி பிரௌன் ரோட்டு வனக் கல்லூரி வளாகத்தில், 1902-ல் ஏற்பட்ட காஸ் வன மியூசியம் இருக்கிறது. அங்கே பாடம் செய்து வைத்த மிருகங்களையும், அறுத்து மெருகிட்ட மரத்துண்டுகளையும் காணலாம். கல்வி கற்க உகந்த இடம் அது; மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஆயினும் அந்த அறைகளில் நின்று யோசிப்பவனுக்கு ஒன்று விளங்காமற் போகாது. காட்டை அந்நியர் இரண்டு விதமாகவே பார்த்தார்கள்: மரமாயிருந்தால் அறுப்பதற்கு, மிருகமாயிருந்தால் சுடுவதற்கு.

டாப்ஸ்லிப் என்ற பெயரே இதற்குச் சாட்சி. வெட்டிய தேக்கை மலையின் உச்சியிலிருந்து கீழே சறுக்கிவிட்ட இடமாதலால் அப்பெயர் உண்டாயிற்று. ஆனைமலைத் தேக்கு பம்பாய்க்குச் சென்று கப்பலாயிற்று. 1875-ல் வேல்ஸ் இளவரசர், அதாவது பிற்காலத்து ஏழாம் எட்வர்டு, இந்தியாவுக்கு வந்தபோது, ஆனைமலையில் அவர் வேட்டையாடுவதற்குத் திட்டமிடப்பட்டது. சென்னை மாகாணத்தில் வாந்திபேதி பரவியிருந்ததால் அது கைவிடப்பட்டது. மறு வருஷமே தாது வருஷப் பஞ்சம் வந்து, கோயமுத்தூர் ஜில்லாவும் அதில் சிக்கித் தவித்தது. ராஜகுமாரரின் வேட்டைக்கு ஆயத்தம் செய்த சர்க்கார், குடிகளின் சோற்றுக்கு எவ்வளவு ஆயத்தம் செய்தது என்பதைச் சரித்திரம் அறியும்.

நீலகிரியில் துரைமார்கள் வரையாட்டையும் கடமானையும் சுட்டுச் சுட்டு, இனிச் சுட ஒன்றும் மிஞ்சாதோ என்று அஞ்சிய பிறகு, 1877-ல் வேட்டைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 1879-ல் அதற்கொரு சட்டமும் பிறந்தது. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. மேலே சொன்ன வழியுரிமைச் சட்டமும் அதே வருஷத்தியதே. சமவெளியில் உழவனுடைய வண்டிப் பாதைக்குப் பாத்தியதை தந்த அதே வருஷத்தில், மலைமேல் காடருக்கும் மலசருக்கும் இருளருக்கும் மூதாதையர் காலந்தொட்டு இருந்த பாத்தியதைகளை விசாரித்து ஒதுக்கிவிட, அல்லது சலுகையாகக் குறுக்கிவிட, மற்றொரு சட்டம் வழி செய்தது. அதன் பிறகு ஒரே செயலுக்கு இரண்டு பெயர். மலைவாசி மானை அடித்தால் குற்றம். லைசென்ஸ் பெற்ற துரை அடித்தால் விளையாட்டு. அந்த விளையாட்டிலும் மிருகத்தின் சுவட்டைக் கண்டுபிடித்துத் தருகிறவன் மலைவாசியே. துரை எழுதிய புத்தகத்தில் துப்பாக்கியின் பெயர் இருக்கும். சுவடு கண்டவனுடைய பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எல்லா வெள்ளையரும் ஒரே தரத்தினர் என்று சொல்வது நியாயமாகாது. ஹியூகோ உட் என்ற வன அதிகாரி 1926-ஐ ஒட்டிய காலம் வரை இம்மலைகளில் உழைத்து, மொட்டையடிக்கப்பட்ட சரிவுகளில் தேக்கை மறுபடி தழைக்கச் செய்தார். நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் மண்ணைக் குத்தி விதை போட்டுக்கொண்டே போவார் என்பது அங்கு வழங்கும் செய்தி. 1933-ல் இறந்த அவர், தம் விருப்பப்படி டாப்ஸ்லிப்பில் அந்த மரங்களின் நடுவிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். காட்டுக்குள் போகிறவன் எடுத்து வருவதற்காக மட்டும் போகலாகாது என்பதை அறிந்த அந்நியர் அவர். வெட்டிய கைகளும் நட்ட கையும் ஒன்றல்ல.

துப்பாக்கி போயிற்று, தோரணை போகவில்லை

சுயராஜ்யம் வந்தது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1976-ல் ஆனைமலை சரணாலயமாயிற்று; 2007-ல் புலிகள் காப்பகமாயிற்று. துப்பாக்கி இருந்த கையில் காமிரா வந்தது. மிகவும் நல்ல மாறுதல். ஆனால் துரையின் துப்பாக்கியைக் கைவிட்ட நாம், துரையின் தோரணையையும் கைவிட்டோமா? காடு நமது சந்தோஷத்துக்காக ஏற்பட்டது, மிருகம் நமக்குக் காட்சி தரக் கடமைப்பட்டது, மலைவாசி நமது சாமானைச் சுமக்கப் பிறந்தவன் என்ற அந்த எண்ணம் எங்கேயும் போய்விடவில்லை. கூடாரத்தின் அருகே இரவெல்லாம் பாட்டுப் பெட்டி அலறுவதும், மின்விளக்கை மானின் கண்ணில் பாய்ச்சுவதும், மீதிச் சோற்றைப் புதரில் கொட்டுவதும் அந்த எண்ணத்தின் குழந்தைகளேயாகும்.

இதன் பலனை 2021 ஜனவரியில் ஒரே வாரத்தில் கண்டோம். அம்மாதம் 19-ந் தேதி, நீலகிரி மசினகுடிப் பகுதியில் காயத்தோடு திரிந்த ஓர் ஆண் யானை, சிகிச்சைக்காகக் கொண்டு செல்லும் வழியில் இறந்தது. பின்னர் வெளிவந்த படத்தில், தங்கும் விடுதி ஒன்றின் பக்கத்தில் வந்த அந்த யானைமேல், எரியும் துணியோ டயரோ எறியப்பட்டு, அது தலையில் நெருப்போடு பிளிறிக்கொண்டு இருட்டில் ஓடுவதைத் தேசம் முழுவதும் பார்த்தது. நான்கு நாள் கழித்து, 23-ந் தேதி இரவு, மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டு மேப்பாடியில், வனத்தை அடுத்த ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கச் சென்ற இளம்பெண் ஒருத்தியை யானை கொன்றது. முதலில் மனிதன் கையால் யானை. பின்பு யானையால் மனிதன். இரண்டையும் தனித்தனி விபத்து என்று எழுதிவிட்டுப் போவது எளிது. இரண்டும் ஒரே தவறின் இரண்டு முகங்கள் என்பதே நமது அபிப்பிராயம். நடக்கிறவனுடைய வழியில் படுக்கையைப் போட்டவர்கள், நடக்கிறவன் வந்தபோது ஒரு பக்கம் தீ வைத்தார்கள். மறு பக்கம், விடுதியின் வார்த்தையை நம்பிப் படுக்க வந்த ஓர் அப்பாவி உயிரை இழந்தாள்.

யானை ஏன் வழி மாறிப் போகக்கூடாது என்று கேட்கிறவர்கள் உண்டு. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீவனமும் 100 லிட்டருக்கு மேல் நீரும் வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் காடும் அழியும், யானையும் அழியும்; ஆகவே பருவத்துக்குப் பருவம் நடந்தே தீரவேண்டும். கூட்டத்தை நடத்துவது முதிய பெண் யானை. எந்த மாதத்தில் எந்த ஓடை வற்றாது என்பது அதன் நினைவில் இருக்கிறது. அந்த நினைவே தடம். நீலகிரியின் வடக்குச் சரிவிலுள்ள சீகூர்ப் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் குறுகிய பாலம் போன்றது. அப்பாலத்தின்மேல் விடுதிகளும் மின்வேலிகளும் எழும்பின. சென்னை ஹைகோர்ட் 2011-ல் அவற்றை அகற்றச் சொன்னது. சுப்ரீம் கோர்ட் 2020 அக்டோபர் 14-ந் தேதி அத்தீர்ப்பை உறுதி செய்தது. எந்தப் பெயரிட்டு எழுதப்பட்டிருப்பினும், சாராம்சத்தில் அது அந்த மலசர் முதியவரின் தீர்ப்பே. தடம் நம்முடையதல்ல.

அதே சீகூரில் வேறு விதமாக வாழ்ந்து காட்டியவரும் இருந்தார். குன்னூரில் வழக்குரைஞராயிருந்த ஈ.ஆர்.சி. டேவிதார், 1970-களில் வரையாடுகளை மலை மலையாகக் கணக்கெடுத்தவர். யானை வழியருகே சிறு குடில் ஒன்று கட்டி, மிருகங்கள் தம் போக்கில் வந்துபோக இடம் விட்டு, ஓரமாயிருந்து பார்த்து எழுதினார். 'சீட்டல் வாக்' என்ற அவருடைய புத்தகம் 1997-ல் வெளிவந்தது. மிருகங்களிடையே மனிதன் தங்கவே கூடாது என்பதல்ல நமது கட்சி. எப்படித் தங்குவது என்பதே விஷயம்.

விளக்கும் குடிசையும்

தங்க விரும்பித் தங்குகிறவர்கள் போக, தங்கியே தீரவேண்டியவர்களும் உண்டு. வால்பாறை மேட்டு நிலத்தைப் பாருங்கள். 1890-களில் தொடங்கி மழைக்காட்டை வெட்டித் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். இன்று சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பைச் சுற்றிலும் காடு சூழ்ந்திருக்கிறது. யானைகள் தோட்டத்தின் வழியேதான் நடக்க வேண்டும்; தொழிலாளர் லயன் வீடுகளில்தான் உறங்க வேண்டும். அங்கே ஆராய்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய சகாக்களும் ஒன்று கண்டார்கள்: இறந்தவர்களிற் பெரும்பாலோர், யானை இருப்பது தெரியாமல் எதிர்ப்பட்டவர்களே. ஆகவே யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசிச் செய்தியாலும், உள்ளூர்த் தொலைக்காட்சி ஓட்டத்தாலும், தூரத்திலிருந்து தெரியும் சிவப்பு விளக்குகளாலும் அறிவித்தார்கள். உயிர்ச்சேதம் குறைந்தது. இப்பணிக்காக 2015-ல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. சுவரும் அகழியும் வேட்டும் இல்லாமல், யானை இருக்கும் இடத்தை மனிதனுக்குச் சொல்லிவிடுவதாலேயே இரு தரப்பும் பிழைக்கலாம் என்பதை அந்தச் சிறு விளக்கு நிரூபித்துவிட்டது. ஆனால் 2025 பிப்ரவரியில் அதே வால்பாறை ரோட்டில், எச்சரித்தும் கேளாமல் யானையைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் போக முயன்ற ஓர் அயல்நாட்டு யாத்திரிகர் மாண்டார். சொல்வதற்கு ஆள் இருந்தாலும், கேட்பதற்குக் காது வேண்டும்.

காட்டிற்கு உரியவர்களின் கதையைக் கேட்டால் நெஞ்சு கொதிக்கும். ஆனைமலையின் ஆதிக்குடிகளில் முதன்மையானவர்கள் காடர்கள். அவர்களுடைய கல்லார்க் குடியிருப்பு 2019 ஆகஸ்டு மழையில் மண்சரிந்து சேதமாயிற்று. அருகிலுள்ள தெப்பக்குளமேட்டில் குடிசை போட முயன்றார்கள்; வன அதிகாரிகள் அனுமதிக்கவில்லை; தேயிலைத் தோட்டத்துப் பழைய லயன்களில் ஒண்டிக்கொள்ள நேர்ந்தது. காட்டோரமெங்கும் உல்லாசக் கூடாரங்கள் முளைத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், காட்டின் மக்களுக்கு ஒரு கூரைக்கு இடமில்லை! வன்முறை இல்லாமல், 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தைக் கையில் பிடித்து, மகாத்மாவின் வழியில் நின்று போராடி, 2021-ல் அவர்கள் அவ்விடத்தைப் பெற்றார்கள். இந்த வெற்றியைப் பாராட்டாத தேச பக்தன் இருக்க முடியாது. ஆனால், தேயிலைக்கு விட்ட மலையில், காடர் தம் சொந்த மண்ணுக்காகச் சத்தியாக்கிரகம் செய்ய நேர்ந்தது ஏன் என்று கேட்காத தேச பக்தியும் முழுமையானதாகாது.

நமது கடமை

2018 மார்ச் 11-ந் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் காய்ந்த புல் தீப்பற்றி, மலையேறச் சென்ற 23 பேர் மாண்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சென்னையினின்றும், நமது ஈரோடு, திருப்பூர்ப் பகுதியினின்றும் போன வாலிபரும் யுவதிகளும் அவர்கள். அத்துயரத்துக்குப் பின் சர்க்கார் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களைக் குறிப்பிட்டு, மலைவாசிகளையும் உள்ளூரார்களையும் வழிகாட்டிகளாகப் பயிற்றி, முன்பதிவு செய்து செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 2025-ல் தீப்பற்றும் பருவத்தில் தடங்களை மூடியும் வைத்தது. இது சரியான பாதை. குறைகள் இருந்தால் எடுத்துக் காட்டுவோம். ஆனால் அநுமதிச் சீட்டு வாங்குவதை அவமானமாக நினைக்கும் வாலிபரை நாம் ஆதரிக்க முடியாது.

வன யாத்திரை செல்லும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது சில. அநுமதி இல்லாத இடத்தில், எவருடைய சிபாரிசின் பேரிலும் தங்காதீர்கள். இரவு மிருகங்களின் பகல், அப்போது நடக்காதீர்கள். மாசி, பங்குனி, சித்திரையில் நெருப்பு மூட்டாதீர்கள். உண்ணிச்செடிப் புதர் மண்டிய காட்டில் ஒரு பொறி போதும். சோற்று வாசனை கரடியையும் யானையையும் அழைக்கும் அழைப்புக் கடிதம். மீதியைக் கட்டி ஊருக்கே கொண்டு வாருங்கள். வழிகாட்டி 'வேண்டாம்' என்று சொன்னால் காரணம் கேட்குமுன் கீழ்ப்படியுங்கள். காரணத்தை ஊர் வந்து சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். அவருக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வீட்டுக்கு வந்து நண்பர்களிடம் கதை சொல்லும்போது, அவருடைய பெயரையும் சொல்லுங்கள்.

கடைசியிற் சொன்னதைச் சிறு விஷயமென்று எண்ணவேண்டாம். எங்களுக்குக் கூடாரத்தை மாற்றச் சொன்ன அந்த மலசர் முதியவரின் பெயரை, ஐந்து மாணவர்களாகிய நாங்கள் ஒருவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. துரைமாரின் புத்தகங்களில் சுவடு கண்டவனுடைய பெயர் இல்லை என்று இங்கே குற்றம் சாட்டினோம். இந்தக் கட்டுரையிலும் அது இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கடன் நம்மேல் இன்னும் நிற்கிறது.